உங்களுக்குத் தெரியுமா? திரையில் சுட்டால் தெருவில் ரத்தமா?

காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பையன்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே போன். "பின்னால வர்றான்டா, சுடுடா, சுடு!" என்று ஒருவன் கத்த, இன்னொருவன் கட்டைவிரலால் திரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பக்கத்தில் இருந்த பாட்டி என் பக்கம் திரும்பினார். "இதையே ஆடிக்கிட்டிருந்தா நாளைக்கு நெசமாவே சுட மாட்டானா தம்பி?" பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாட்டிக்குத் தலை சுற்றத் தொடங்கி, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் துண்டு துண்டாக இங்கே சொல்கிறேன்.

● உருவம் ஒன்று ஆளைக் கொல்லும் என்ற பயம் இந்த மலைக்குப் புதிதல்ல. கொல்லிப்பாவை இங்கேதான் இருக்கிறாள். நற்றிணையும் குறுந்தொகையும் அவளைப் பாடுகின்றன. பெரும்பாலும் தலைவியின் அழகுக்கு உவமையாகவே வருகிறாள். காற்றும் மழையும் இடியும் அந்தப் பாவையின் வடிவைக் குலைக்க முடியாது என்று பரணர் வியக்கிறார். அரக்கர் வரும் வாடையை அறிந்து, சிரித்து மயக்கி, கிட்டே வரவழைத்துக் கொன்றுவிடுவாள் என்ற கதை உரைகளிலும் ஊர் வாயிலும் விரிந்தது. எட்டுக்கை அம்மன்தான் அந்தப் பாவை என்பது மலைக்காரர்கள் நம்பிக்கை. அழகாக அசையும் உருவத்தைப் பார்த்தால் முதலில் மயங்குவதும் பிறகு பயப்படுவதும் ஆதியிலிருந்தே நம்மிடம் உள்ள பழக்கம் போலிருக்கிறது.

● இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் பெருமை ஒரே ஓர் அம்பில் இருக்கிறது. யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானைத் துளைத்து, பன்றியையும் துளைத்துப் போய்ப் புற்றில் இருந்த உடும்பில் தைத்தது அந்த அம்பு. பாடியவர் வன்பரணர், பாட்டு புறநானூற்றில் உள்ளது. ஒரே அம்பில் ஐந்து! பேருந்துப் பையன்களிடம் சொல்லியிருந்தால், "எத்தனை பாயின்ட் சார்?" என்று கேட்டிருப்பார்கள். ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் அரசே ஓரிக்கு விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் உண்டு. வில் பிடித்த பிள்ளை ஊருக்குப் போய் எவர் மீதாவது அம்பு விடும் என்று இதுவரை யாரும் மனு கொடுத்ததில்லை.

(அந்த ஓரி எப்படிச் செத்தான்? மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். மண்ணாசைதான் காரணம்.)

● போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து, வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும். இன்று எந்த கேம் நிறுவனமாவது அதை அப்படியே படமாக்கினால் 18 வயது முத்திரை நிச்சயம். நாமோ அதைத் தமிழ் எம்.ஏ. பாடத்தில் வைத்திருக்கிறோம்.

● அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய இதையே சொன்னது. வன்முறை கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் 2005ல் சட்டம் போட்டது. 2011 ஜூனில் அந்தச் சட்டம் 7க்கு 2 என்ற கணக்கில் விழுந்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, அடுப்பில் கிழவியைத் தள்ளிக் கொல்லும் ஹேன்சல், கிரெட்டல் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்கிறோமே என்று கேட்டார். பழுக்கக் காய்ச்சிய கம்பால் ஒற்றைக்கண் அரக்கனின் கண்ணைக் குத்தும் கிரேக்கக் கதையையும் விட்டுவைக்கவில்லை.

● கேம் மீது எழுந்த முதல் பெரிய கூச்சல் 1976ல். எக்சிடி என்ற நிறுவனத்தின் 'டெத் ரேஸ்'. கறுப்பு வெள்ளைத் திரையில் தீக்குச்சி மனிதன் போல ஓர் உருவம் ஓடும், காரை ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஒரு கீச்சொலி, அந்த இடத்தில் ஒரு சிலுவை. இன்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அன்று அதற்கு எதிராகப் பத்திரிகைகள் கொதித்தன.

● அதற்கும் முன்னால் குற்றவாளிக் கூண்டில் நின்றது படக்கதைப் புத்தகம். 1954ல் ஃபிரடெரிக் வெர்த்தம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் படித்துத்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று நூல் எழுதினார். பயந்துபோன பதிப்பகங்கள் அதே ஆண்டில் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதி வகுத்துக்கொண்டன. அவர் தம் சான்றுகளைத் திருத்தியும் மிகைப்படுத்தியும் எழுதியிருந்தார் என்பது, அவருடைய கோப்புகளை கேரல் டில்லி என்ற ஆய்வாளர் துருவிப் பார்த்தபோது, 2012ல் வெளிவந்தது. அதாவது 58 ஆண்டுகள் கழித்து! நம்மூரில் முத்து காமிக்ஸை நோட்டுக்குள் ஒளித்து வைத்துப் படித்து அடி வாங்கியவர்கள் ஒருமுறை பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

● இந்தியாவுக்கு அப்படி ஒரு சக்திமான். 1997ல் தூர்தர்ஷனில் வந்த தொடர். காப்பாற்ற அவர் பறந்து வருவார் என்று நம்பிக் குழந்தைகள் விபரீதத்தில் இறங்குவதாகச் செய்தி பரவியது. வேடம் கட்டிய முகேஷ் கன்னா தாமே திரையில் தோன்றி அறிவுரை சொல்ல வேண்டி வந்தது.

● பார்த்ததைப் பிள்ளை செய்யும் என்பதற்கு இன்றும் சாட்சிக்கு அழைக்கப்படுவது ஒரு பொம்மை. 1961ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா நடத்திய சோதனை. பிள்ளைகள் 72 பேர். காற்றடைத்த 'போபோ' பொம்மையை ஒரு பெரியவர் குத்தி உதைப்பதைச் சில பிள்ளைகள் பார்த்தார்கள். பிறகு தனியே விட்டபோது அவர்களும் அதேபோல் குத்தினார்கள். சோதனை உண்மை, முடிவும் உண்மை. ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறோம். போபோ அடிப்பதற்கென்றே செய்த பொம்மை. தள்ளினால் விழும், விழுந்த வேகத்தில் எழும். நம்மூர் தலையாட்டிப் பொம்மையை ஒரு பிள்ளை தட்டிவிட்டால் அது ரவுடித்தனமா?

● வன்முறையை எப்படி அளப்பது? ஆய்வகத்தில் யாரையும் அடிக்கவிட முடியாது. ஆகவே மிளகாய்ச் சாறு! கேம் ஆடி முடித்தவரிடம், "அடுத்த அறையில் இருப்பவருக்குக் காரம் ஆகாது, அவருக்குக் கொடுக்க எவ்வளவு ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். அதிகம் ஊற்றினால் அதிக ஆக்ரோஷம். இன்னொரு முறை, எதிராளியின் காதில் எவ்வளவு சத்தமாக இரைச்சலை விடுகிறார் என்று அளப்பது. 2000த்தில் கிரெய்க் ஆண்டர்சனும் கேரன் டில்லும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு அந்த வகை. இரைச்சலுக்கும் கத்திக்குத்துக்கும் நடுவில் எத்தனை கொண்டை ஊசி வளைவு இருக்கிறது என்பதை அந்தக் கருவி காட்டாது. மிளகாய்க் கணக்கை நம்பினால் எங்கள் பெரியத்தையை எப்போதோ கைது செய்திருக்க வேண்டும்.

● மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் இறங்கி டீ குடித்தேன். அந்தப் பையன்களும் அங்கேயே, பலா அடுக்கிய திண்ணையில் உட்கார்ந்து விட்ட ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். சுட்டார்கள், சுடப்பட்டார்கள், சிரித்தார்கள். சட்டென்று திரை நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "நெட்டு போச்சுடா!" என்றான் பெரியவன். சின்னவன் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான், கடைக்கு வெளியே ஓடினான், மிளகுக்கொடி ஏறிய மரத்தடி வரை போய்த் திரும்பி வந்தான். சிக்னல் இல்லை. பெரியவன் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். அன்று நான் பார்த்த நிஜமான அடி அது ஒன்றுதான். அது விழுந்தது துப்பாக்கி வெடித்தபோது அல்ல, சிக்னல் போனபோது.

● இதையே ஆய்வாகச் செய்து காட்டியவர்கள் உண்டு. ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் கூட்டாளிகளும், 2014ல். வந்தவர்களின் கையை முதலில் 25 விநாடி ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொன்னார்கள். அத்தனை விநாடி என்று தீர்மானித்தது முன்னால் வந்தவர் என்று ஒரு புளுகு. பிறகு டெட்ரிஸ் ஆடக் கொடுத்தார்கள். ரத்தமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, விழும் கட்டைகளை அடுக்கும் ஆட்டம். சிலருக்குச் சாதாரண டெட்ரிஸ். சிலருக்கு, வேண்டாத கட்டையே பார்த்துப் பார்த்து விழும்படி திருத்திய டெட்ரிஸ். ஆடி முடித்ததும், "அடுத்து வருபவர் எத்தனை விநாடி கை வைக்கட்டும்?" என்று கேட்டார்கள். திருத்திய ஆட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் சராசரியாகப் பத்து விநாடி கூடுதலாகச் சொன்னார்கள்.

அதே குழு, சுடும் ஆட்டமான 'ஹாஃப் லைஃப் 2'வையும் மாற்றிப் பார்த்தது. ஒன்றில் எதிரி ரத்தம் சிந்திச் சாவான். இன்னொன்றில் சும்மா ஆவியாகிப் போவான். இந்த மாற்றத்தால் ஆடியவர்களின் ஆத்திரத்தில் வித்தியாசம் வரவில்லை. எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லிக்கொடுக்காமல் ஆடவிட்டபோதுதான் ஆத்திரம் ஏறியது. கேரம் போர்டில் சிவப்புக் காய் விழுந்து, ஃபாலோ காய் விழாமல் போனவனின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வே வேண்டாம்.

● 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5'. கார் திருடலாம், வழியில் போகிறவரை அடிக்கலாம், சுடலாம். ஜெர்மன் ஆய்வாளர்கள் பெரியவர்கள் சிலரை இரண்டு மாதம் தினமும் இதை ஆடச் சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்கு வீடு கட்டிக் குடித்தனம் நடத்தும் 'சிம்ஸ் 3'. மூன்றாம் கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. முன்னும் பின்னும் பலவிதமாக அளந்தார்கள். சுட்டவர்கள் கொடியவர்களாக மாறியதற்குத் தடயம் கிடைக்கவில்லை. சிமோனே க்யூனும் மற்றவர்களும் வெளியிட்ட இந்த முடிவு 2018ல் பரவலாகப் பேசப்பட்டது.

● 2019 பிப்ரவரியில் வந்தது ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு. 14, 15 வயதுள்ள 1,004 பிரிட்டிஷ் பிள்ளைகள். எதை அளக்கப்போகிறோம், எப்படி அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிப் பதிவுசெய்துவிட்டுத் தொடங்கினார்கள், பின்னால் வசதிக்கு வளைக்க முடியாதபடி. பிள்ளையின் நடத்தையைப் பெற்றோரிடம் கேட்டார்கள். கேமில் எவ்வளவு வன்முறை என்பதைப் பிள்ளையின் வாய்ச்சொல்லில் விடாமல் அதிகாரபூர்வ வயதுத் தரத்தை வைத்து எடுத்தார்கள். தொடர்பு ஒன்றும் தெரியவில்லை.

● அப்படியானால் எல்லாம் கட்டுக்கதையா? இல்லை. மறுபக்கத்தையும் வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பாட்டி என்னை மன்னிக்க மாட்டார். 2018ல் அமெரிக்காவில் 24 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். 9 முதல் 19 வயது வரை 17,000க்கும் மேற்பட்டோர். வன்முறை கேம் ஆடும் பிள்ளைகள் நாளடைவில் தள்ளுவது, அடிப்பது போன்றவற்றில் கொஞ்சம் கூடுதலாக இறங்குவதாகத் தெரிந்தது. கொஞ்சம்தான், ஆனால் சுழியம் இல்லை.

அமெரிக்க உளவியல் சங்கமும் இதில் தடுமாறித்தான் ஓர் இடத்துக்கு வந்தது. 2015ல் வன்முறை கேமுக்கும் ஆக்ரோஷத்துக்கும் தொடர்பு உண்டு என்றது. 2020ல் அந்தத் தீர்மானத்தைத் திருத்தி, கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறு தொடர்பு தெரிகிறது, நிஜ வன்முறைக்கு கேம்தான் காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று தெளிவாக்கியது. தமிழில் இந்த வேறுபாட்டுக்கு நல்ல சொற்கள் இருக்கின்றன: முறைப்பு வேறு, கொலைவெறி வேறு. செய்தித்தாள் தலைப்புகள் இரண்டையும் ஒரே பானையில் போட்டுவிடுகின்றன.

● ஜப்பானும் தென்கொரியாவும் கேமுக்குப் பணத்தைக் கொட்டும் நாடுகள். துப்பாக்கிக் கொலை அங்கே அபூர்வம்.

● தென்கொரியா 2011ல் ஒரு சட்டம் போட்டது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைனில் கேம் ஆடக் கூடாது. சிண்ட்ரெல்லா சட்டம் என்று கேலிப் பெயர். பத்து ஆண்டு பார்த்துவிட்டு அவர்களே அதைக் கைவிட்டார்கள். சீனாவோ 2021ல் இன்னும் இறுக்கியது. 18 வயது ஆகாதவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் மட்டும், அதுவும் இரவு 8 முதல் 9 வரை. ஆனால் அங்கேயும் முக்கியக் கவலை கண்ணும் படிப்பும் அடிமைத்தனமும்தான், கொலை அல்ல.

● பப்ஜியை இந்தியா ஏன் தடை செய்தது? சுடுவதால் என்று பத்தில் எட்டுப் பேர் சொல்வார்கள் (நான் டீக்கடையில் எடுத்த கணக்கு, பத்திரிகையில் போட வேண்டாம்). 2020 செப்டம்பர் 2 அன்று தடையான 118 செயலிகளில் அதுவும் ஒன்று. அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் தகவல் பாதுகாப்பும். எல்லையில் சீனாவோடு உரசல் நடந்த சமயம் அது. வன்முறை என்ற பேச்சே அந்த உத்தரவில் முன்னால் வரவில்லை. வன்முறைக்குப் பயந்து தடை போட்டது குஜராத்தின் ராஜ்கோட் காவல்துறை. 2019 மார்ச்சில், போனில் ஆடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களைக் கைது கூடச் செய்தார்கள்.

● 2021ல் அதே ஆட்டம் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் திரும்பி வந்தபோது அதன் ரத்தம் பச்சையாகியிருந்தது. சுட்டால் வாழையிலைச் சாறு தெளித்தது போல. சிவப்பு ரத்தம் பிள்ளையைக் கெடுக்கும், பச்சை ரத்தம் கெடுக்காது என்று எவரோ ஒருவர் கோப்பில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று கற்பனை செய்துகொள்கிறேன்.

● நூறு பேர் ஒரு தீவில் குதித்துக் கடைசியாக மிஞ்சுபவன் ஜெயிக்கும் ஆட்டம் அது. ஜெயித்தால் திரையில் வருவது 'சிக்கன் டின்னர்' வாழ்த்து. நாட்டுக்கே முட்டையும் கோழியும் அனுப்பும் நாமக்கல் மாவட்டத்துப் பையனுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு இல்லை.

● 2017ல் ப்ளூ வேல் என்ற ஆன்லைன் சவால் நினைவிருக்கிறதா? திமிங்கிலம் வந்து பிள்ளைகளைக் கொண்டுபோகிறது என்று ஊரே நடுங்கியது. மதுரைப் பக்கம் ஒரு மாணவர் இறந்ததை அதோடு சேர்த்துப் பேசினார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. பள்ளிகளில் உறுதிமொழி எல்லாம் எடுத்தார்கள். மத்திய அரசு ஒரு குழு வைத்து இணையப் பயன்பாடு, அழைப்புப் பதிவு, தடயங்கள் எல்லாவற்றையும் அலசியது. எந்தச் சம்பவத்திலும் ப்ளூ வேலின் பங்கை உறுதிசெய்ய முடியவில்லை என்று 2018 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. பதில் வந்த நாளில் அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. அந்தப் பிள்ளைகளை உண்மையில் எது வாட்டியது என்ற கேள்வி கேட்கப்படாமலே போய்விட்டது. இதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம்.

● ஒரே நீதிபதி, இரண்டு குழு. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022 ஜூனில் தமிழக அரசு ஆன்லைன் விளையாட்டுகள் குறித்து ஒரு குழு அமைத்தது. சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். அந்தக் குழுவின் முன் நின்ற பிரச்சினை துப்பாக்கி ஆட்டம் அல்ல, ரம்மி. பணத்தை இழந்து, கடனில் மூழ்கி, உயிரை விட்டவர்களின் குடும்பங்கள்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை, கூடப் படித்த மாணவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. பள்ளி மாணவர் கையில் நிஜ அரிவாள். வன்முறை கேம் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலில் உட்கார்ந்து படிக்க வேண்டிய சம்பவம் இது. மாணவரிடையே சாதி உணர்வைக் களைய வழி சொல்லும்படி மீண்டும் நீதிபதி சந்துருவிடமே அரசு கேட்டது. 2024 ஜூனில் அறிக்கை தந்தார். கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி, பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதி, இவற்றையெல்லாம் அகற்றச் சொன்னார். கயிறு பற்றிய பரிந்துரைக்குத்தான் எதிர்ப்பு கிளம்பியது. போனைப் பிடுங்கச் சொல்லியிருந்தால் எல்லோரும் கை தட்டியிருப்போம்.

● ரம்மிக்குத் தடை போட்ட முதல் தமிழகச் சட்டத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்த நாள் 2021 ஆகஸ்டு 3. அன்று ஆடி 18, வல்வில் ஓரி விழா நாள். தற்செயல்தான், சும்மா சொன்னேன். மறுபடி 2022ல் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்கு ஒழுங்குமுறை விதிக்கலாம், தடை கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. பிறகு வந்தது 2025 விதி. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடக் கூடாது என்றது அது.

அந்த ஆண்டு ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் ஒரே போடாகப் போட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் நடத்துவதே குற்றம். அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை வளர்க்கச் சொல்கிறது. சுடும் ஆட்டங்களில் போட்டி நடப்பது அந்த வகையில்தான். சீட்டுக்கட்டு கூண்டில், துப்பாக்கி மேடையில்! கேலியாகத் தெரிந்தாலும் கணக்கு சரிதான் என்பேன். நம் ஊரில் குடும்பம் குடும்பமாக அழவைத்தது ராஜா ராணி ஜோக்கர்தான்.

● உலக சுகாதார நிறுவனம் கேமை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறதே என்பார்கள். உண்மை. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் பட்டியலில் 'கேமிங் கோளாறு' உண்டு. அடக்க முடியாமல் ஆடுவது, மற்ற எல்லாவற்றையும் விட்டு ஆடுவது, கெடுதல் தெரிந்தும் ஆடுவது. பொதுவாக 12 மாதம் இப்படி நீடிக்க வேண்டும். கேமில் துப்பாக்கி இருக்கிறதா, மிட்டாய் இருக்கிறதா என்று அந்த வரையறை கேட்பதில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014லேயே இதற்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கிவிட்டது. மலையிலிருந்து பெங்களூரு போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.

● ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு கேமின் பெயருக்குக் கீழும் சின்னதாக ஓர் எண் இருக்கும்: 3+, 7+, 12+, 16+, 18+. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்க்கும் கண்ணால் அதையும் ஒருமுறை பார்க்கலாம்.

● 2019ல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது இது. 8 முதல் 12 வயது வரை 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள். இருவர் இருவராக வந்து 20 நிமிடம் மைன்கிராஃப்ட். சிலருக்குத் துப்பாக்கியால் பூதத்தைச் சுடும் வகை, சிலருக்கு வாளால் வெட்டும் வகை, சிலருக்கு இரண்டும் இல்லாதது. பிறகு பொம்மைகள் நிறைந்த ஓர் அறை. அங்கே ஓர் அலமாரி இழுப்பறைக்குள் இரண்டு நிஜத் துப்பாக்கிகள். குண்டு கிடையாது, சுடவும் செய்யாது, ஆனால் விசையை எத்தனை முறை இழுக்கிறார்கள் என்று எண்ணும் கருவி உள்ளே இருந்தது. பிள்ளைகள் இழுப்பறையைத் திறந்தார்கள். கண்டெடுத்தவர்களில், துப்பாக்கி கேம் ஆடியவர்கள் 61.8 சதவீதம் பேர் அதைத் தொட்டார்கள்.

இந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது அடுத்த எண். வன்முறையே இல்லாத கேம் ஆடியவர்களிலும் 44.3 சதவீதம் பேர் தொட்டிருக்கிறார்கள். கேம் கொஞ்சம் தள்ளிவிடுகிறது, சரி. ஆனால் இழுப்பறையில் துப்பாக்கி கிடந்தால், பூச்செடி வளர்க்கும் ஆட்டம் ஆடிவிட்டு வந்த பிள்ளையும் கையை நீட்டும்.

● 2022 ஜூனில் லக்னோவில் 16 வயதுப் பையன் தாயைச் சுட்டுக் கொன்றான். பப்ஜி ஆட விடாததால் என்று போலீஸ் முதலில் சொன்னது. நாடு முழுக்க அதுவே தலைப்பு. அவன் சுட்டது போனால் அல்ல. அப்பாவின் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி வீட்டில் இருந்தது. தலைப்பில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

● கொல்லிமலை, கல்வராயன், சித்தேரி. இந்த மலைகளில் நாட்டுத் துப்பாக்கி பழைய சங்கதி. ஒற்றைக் குழல். கரிமருந்தைக் குழல் வாய் வழியாகப் போட்டு, குச்சியால் இடித்து இறுக்கி, ரவையைப் போடுவார்கள். மரவள்ளிக் காட்டில் காட்டுப்பன்றி இறங்கினால் எடுப்பார்கள். தாத்தா காலத்தில் பரண்மேல் ஏறியது, பேரன் காலத்திலும் அங்கேயே இருக்கும். உரிமம் இருக்காது, பூட்டு இருக்காது. உரிமம் இல்லாததைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று காவல்துறை அவ்வப்போது ஊர் ஊராகச் சொல்வதும், அதன் பிறகும் பிடிபட்டதாகச் செய்தி வருவதும் வழக்கம்.

ஆகவே பேருந்துப் பாட்டிக்கும், பாட்டி போலக் கேட்கும் எல்லோருக்கும்: பையன் போனில் சுடுவதைப் பார்த்து வயிறு கலங்கினால், முதலில் ஏணியைப் போட்டுப் பரணைப் பாருங்கள். அங்கே ஏதாவது இருந்தால் நாளைக் காலையே வாழவந்திநாடு காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். போனை அப்புறம் பிடுங்கிக்கொள்ளலாம்.